பொம்மருக்கு வைத்த பொட்டு

மே 3, சனி

விமானம் என் பெயருக்கு மாறிவிட்டது. ஒற்றை இயந்திரம், நான்கு இருக்கை, வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. விற்றவர் ஹரோல்ட், எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர். கண் பார்வை போய்விட்டதால் விற்கிறார். வாய் மட்டும் போகவில்லை. சாவியைக் கையில் தருவதற்கு முன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி என்னை நடத்தினார். எரிபொருளின் அடியில் தண்ணீர் தங்கும், பறக்கும் முன் கொஞ்சம் வடித்துப் பார். இறக்கைக்குள் எலி கூடு கட்டும், விளக்கடித்துப் பார். கிழமைக்கு ஒருமுறையாவது பறக்க வை, சும்மா நின்றால்தான் இவளுக்கு நோய் வரும். புது நிறம் அடிக்கும் ஆசை வந்தால் அந்தக் காசை இயந்திரத்தில் போடு. மகளைக் கட்டிக்கொடுத்த மாமனார்கூட மருமகனிடம் இவ்வளவு சொல்லமாட்டார்.

கடைசியில் இடப்பக்கக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒரு சின்ன வட்டத் தகடு, அதன் நடுவில் ஒரு சிறு துளை. உயரமானியும் வேகமானியும் அந்தத் துளை வழியாகத்தான் வெளிக்காற்றை அறிகின்றன. ஒவ்வொரு தடவையும் இதைக் குனிந்து பார் என்றார். என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைக்காத குறை. கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று, ஐம்பத்தைந்து வயதில் விமானம் ஓட்டப் பழகி உரிமம் எடுத்தவன் நான். எனக்கு உரிமம் தந்தவர்களை மடையர்கள் என்று நினைத்தாராக்கும்.

ஸ்காபரோவுக்கு வந்து சேரப் பொழுதுபட்டுவிட்டது. மலர் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பொம்மர் வாங்கியாச்சோ?"

"அது குண்டு போடுற பொம்மர் இல்லை. நாலு பேர் இருக்கிற சின்னப் பிளேன்."

"சத்தம் ஒண்டுதானே."

குழம்பில் உப்புக் கூடியிருந்தது. வேண்டுமென்றே போட்டிருப்பாள்.

மே 4, ஞாயிறு

ஹரோல்ட் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அழைத்தார். மழை வருகிறதாம், விமானத்தின் மூக்கை மூடிவைக்கச் சொல்கிறார். கொட்டகைக்குள் நிற்கிற விமானத்துக்கு மழை எங்கிருந்து வரும்?

மே 6, செவ்வாய்

வருடாந்தப் பரிசோதனை செய்யாமல் பறக்க முடியாது. அந்த மைதானத்தில் இருக்கும் ஒரே விமானத் திருத்துநர் யார் என்று பார்த்தால், புவனேந்திரன். எங்கள் ஊர்தான். என்னைவிட வயதில் குறைந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் ஊர்ச்சங்கத் தலைவர் தேர்தலில் என்னைத் தோற்கடித்தவன். அவன் வென்றது வாக்கினால் அல்ல, கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாங்கிக்கொடுத்த கொத்துரொட்டியினால். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இன்று பேச வேண்டியதாயிற்று.

"வாங்கோ அண்ணை. ஹரோல்டின்ரை பிளேனை வாங்கினது நீங்கள்தானோ? நல்ல பிளேன். ஆனா கவனமாப் பார்க்கோணும், பழசெல்லே."

"பழசு எண்டு தெரிஞ்சுதான் வாங்கினனான். நீர் உம்மடை வேலையைப் பாரும்."

"அதைத்தான் அண்ணை பார்க்கிறன்."

சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்காது. சங்கத்தில் மாலை போடும்போதும் இப்படித்தான் சிரித்தான்.

மே 8, வியாழன்

இரவுச் சாப்பாட்டில் சண்டை. விமானத்துக்குப் பூசை செய்ய வேண்டுமாம். ஐயரைக் கூட்டிக்கொண்டு போய், தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமாம். பிளேனைக் கண்ணாலும் பார்க்கமாட்டேன் என்றவள், அதற்குப் பூசை மட்டும் செய்ய வேண்டும் என்கிறாள்.

"அது லொறி இல்லை. அங்கை வெள்ளைக்காரங்கள் நிண்டு பார்த்துச் சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டுமன். சிரிக்கிறவன் வந்து உங்களைத் தூக்குவானோ?"

"ஒரு பொட்டுக்கூட வைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன். நான் வாழ்க்கையிலை ஆசைப்பட்டு வாங்கினது இது ஒண்டுதான். அதிலையும் நீர் கை வைக்காதையும்."

கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விமானம் என்றாலே அவளுக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் பொம்மர் குண்டு போட்ட நாளில் பதுங்குகுழிக்கு ஓடி வரும்போது அவளுடைய தம்பி பின்தங்கிவிட்டான். சத்தம் ஓய்ந்து வெளியே வந்தபோது அவன் இல்லை. எல்லாம் தெரியும். அதற்காக வானத்தில் பறக்கும் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்க வெறுக்க வேண்டுமா? எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

மே 13, செவ்வாய்

புவனேந்திரன் இயந்திரத்தின் மூடியைக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறான். எண்ணெய்க் குழாய் ஒன்றை மாற்ற வேண்டுமாம். வால் சுக்கானை இழுக்கும் கம்பிக் கயிறு ஒன்று தேய்ந்திருக்கிறதாம். எது சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். ஏமாற்றுகிறவன்தான் அப்படி முகம் பார்ப்பான்.

மே 17, சனி

பரிசோதனை முடிந்தது. கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டான்.

மலர் வந்தாள். நான் கூப்பிடவில்லை. சாப்பாடு கட்டியிருக்கிறேன், இடத்தையும் ஒருக்கால் பார்க்கிறேன் என்று தானாகவே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கொட்டகை வாசலில் நின்று விமானத்தைப் பார்த்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மைதானத்து அலுவலகத்தில் எனக்கு ஒரு கையொப்பம் போட வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அவள் விமானத்துக்குப் பக்கத்தில், இடப்பக்கம், நின்றாள்.

"என்ன செய்தனீர்?"

"ஒண்டுமில்லை. பார்த்தனான்."

கையைக் கழுவ வேண்டும், கழிப்பறை எங்கே என்று கேட்டாள். காட்டிவிட்டேன். திரும்பும்போது காருக்குள் கோயில் வாசம் அடித்தது. அவள் எப்போதும் கோயிலுக்குத்தானே போய் வருகிறாள்.

மே 18, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

நல்ல வெயில். காற்று இல்லை. தனியாகத்தான் போனேன். எரிபொருளை வடித்துப் பார்த்தேன், சுத்தம். வாலைப் பார்த்தேன், வலது இறக்கையைப் பார்த்தேன். அப்போது ஹரோல்ட் அழைத்தார். துளையைப் பார்த்தாயா என்று தொடங்கினார். நான் குழந்தைப்பிள்ளை இல்லை, இந்த விமானம் இனி உங்களுடையதும் இல்லை என்று கத்தினேன். அந்த ஆத்திரத்திலேயே ஏறி உட்கார்ந்து இயந்திரத்தை எழுப்பினேன்.

ஓடுபாதையில் எல்லாம் சரியாக இருந்தது. சக்கரம் நிலத்தை விட்டது. மரங்கள் கீழே போயின. உயரமானியைப் பார்த்தேன், ஊசி அசையவில்லை. நிலத்தில் நின்றபோது காட்டிய அதே உயரம். வேகமானியின் ஊசி இறங்கத் தொடங்கியது. வேகம் குறைந்தால் விமானம் காற்றில் நிற்காது, கல்லுப் போல விழும். மூக்கைத் தாழ்த்தினேன். முன்னால் மேப்பிள் மரங்கள் எழுந்து வந்தன. இழுத்து உயர்த்தினேன். ஊசி மறுபடி இறங்கியது. இயந்திரமோ முழு மூச்சில் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலைத் தவிர நம்ப வேறு எதுவும் எனக்கு இல்லை.

செத்தேன் என்றுதான் நினைத்தேன். யாருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஊசிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சுற்றி வந்து இறக்கினேன். வேகம் அதிகம். ஓடுபாதை முடிந்து புல்லுக்குள் ஓடி, இடது சக்கர மூடி உடைந்து நின்றது. புவனேந்திரன் ஓடி வந்தான். "அண்ணை, அடி கிடி பட்டதோ?" என்று கதவைத் திறந்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

நேற்றுக் கையெழுத்துப் போட்டவன் இவன். இன்று ஊசிகள் செத்துப்போய்விட்டன. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மே 19, திங்கள்

போக்குவரத்துத் திணைக்களத்துக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டேன். அதோடு ஊர்ச்சங்க வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்: "எங்கள் தலைவர் புவனேந்திரன் பார்த்துத் தந்த விமானத்தில் நேற்று நான் உயிர் பிழைத்தது பெரிய காரியம். அவரிடம் வேலை கொடுப்பவர்கள் தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக்கொள்ளவும்."

போட்ட கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். இன்று நன்றாகத் தூங்குவேன்.

மே 21, புதன்

திணைக்களத்திலிருந்து பதில். வரும் திங்கள் ஒரு பரிசோதகர் வருகிறார். அதுவரை விமானத்தை யாரும் தொடக் கூடாது. குற்றம் உறுதியானால் புவனேந்திரனின் உரிமத்தையே நிறுத்தலாம் என்கிறார்கள். இதற்குள் மைதானத்தில் இரண்டு பேர் தங்கள் விமானங்களை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்களாம். குழுவில் ஒருவர், அவனை இனித் தலைவராக வைத்திருப்பது சரியா என்று கேட்டிருந்தார். நான் கை கும்பிடும் படம் ஒன்றைப் போட்டேன்.

மே 23, வெள்ளி

மலர் கோயிலுக்குப் போய் வந்து எனக்குச் சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சண்டை பிடிக்காமல் இருக்கிறாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லோணும். கத்தாதையுங்கோ."

"சொல்லும்."

"நான் பொட்டு வைச்சனான்."

"எதுக்கு?"

"உங்கடை பொம்மருக்கு. அண்டைக்குச் சாப்பாடு கொண்டந்தது அதுக்குத்தான். நீங்கள் கண்டால் அழிச்சுப்போடுவியள் எண்டு கண்ணிலை படாத இடமாப் பார்த்தன். கதவுக்கு முன்னாலை ஒரு சின்ன வட்டம் இருக்கெல்லே, நடுவிலை ஓட்டையோடை. பொட்டுக்கெண்டே விட்ட இடம் மாதிரி இருந்துது. சந்தனத்தை நல்லாக் குழைச்சு அமத்தி அப்பி, மேலை குங்குமம் வைச்சனான்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அந்தத் தகரம் குளிர்ந்து கிடந்துது. தம்பியை நினைச்சுக்கொண்டு தொட்டன். அவனுக்கு அண்டைக்கு என்னாலை ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. இப்ப பாருங்கோ. அந்தப் புவனன் என்ன பிழை விட்டானோ தெரியாது. அந்தப் பொட்டுத்தான் உங்களைக் கீழை கொண்டந்து சேர்த்தது. நீங்கள் நம்பினால் நம்புங்கோ, விட்டால் விடுங்கோ."

அந்தத் துளை. சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளோடு நான் போட்ட சண்டைகளில் இவ்வளவு கூரான ஒரு சொல் எனக்குக் கிடைத்ததே இல்லை. அதைச் சொன்னால் இனி எந்தச் சண்டையிலும் அவளால் வாய் திறக்க முடியாது. இனி எதையும் கையால் தொடவும் மாட்டாள்.

"சோறு குழைஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். வெளியே போய்ப் புல்லு வெட்டினேன். நேற்றுத்தான் வெட்டியிருந்தேன்.

மே 24, சனி

விடியவே மைதானத்துக்குப் போனேன். கண்ணாடி தூசியாக இருக்கும், துடைக்கலாம் என்று ஒரு ஈரத்துணி கொண்டுபோனேன். ஊசியும் ஒன்று சட்டைப் பையில் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

இடப்பக்கம் குனிந்து பார்த்தேன். இருந்தது. மஞ்சள் காய்ந்து கல்லாகியிருந்தது, நடுவில் சிவப்பு. மிகவும் வட்டமாக, அழகாக வைத்திருந்தாள். சனியன் பிடித்தவள், நெற்றியில்கூட இவ்வளவு திருத்தமாக வைக்கமாட்டாள்.

"துடையுங்கோ அண்ணை. நான் அண்டைக்கே படம் எடுத்திட்டன்."

புவனேந்திரன் கொட்டகை வாசலில் தேநீரோடு நின்றான். சிரிக்கவில்லை.

"கண்ணாடி துடைக்க வந்தனான்."

"கண்ணாடி மேலையெல்லே இருக்கு." கிட்ட வந்தான். "ஞாயிற்றுக்கிழமை பிளேனை இழுத்துக்கொண்டு வந்து விட்ட உடனையே கண்டனான். இதென்ன எண்டு வெள்ளைக்காரனுக்கு விளங்காமல் போகலாம், எனக்கு விளங்காதோ? ஏறுறதுக்கு முதல் சுத்திப் பார்க்கேல்லையோ நீங்கள்?"

துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"திங்கள் அந்தப் பரிசோதகர் வரட்டும், வந்து காணட்டும் எண்டுதான் பேசாமல் இருந்தனான். என்ரை பேரை நாறடிச்சுப்போட்டியள். என்ரை மனுசி மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. சரி, ஆர் வைச்சது?"

"நான்தான் வைச்சனான்."

"நீங்களோ? சங்கத்துப் பொங்கலிலையே திருநீறு பூசாமல் நிக்கிற ஆள் நீங்கள்."

"நான்தான் வைச்சனான் எண்டு சொல்லுறன். உமக்குக் காது கேக்காதோ?"

தேநீரை நிலத்தில் ஊற்றினான்.

"அக்காவுக்குத் தெரியுமோ, இதாலைதான் எண்டு?"

"அவவை இதுக்குள்ளை இழுக்காதையும்."

"அவவின்ரை தம்பியும் நானும் பள்ளிக்கூடத்திலை ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள்" என்றான். குரல் மாறியிருந்தது. உடனே சரிப்படுத்திக்கொண்டான். "இஞ்சை பாருங்கோ. திணைக்களத்துக்கு எழுதுங்கோ, துளையைப் பார்க்காமல் ஏறினது உங்கடை பிழை எண்டு. அது உண்மைதானே. குறூப்பிலையும் எழுதுங்கோ, பிழை உங்களிலை எண்டு. என்ன பிழை எண்டு எழுதத் தேவையில்லை, நானும் ஒருத்தருக்கும் சொல்லன். ஆனா இண்டைக்கே எழுதோணும். உங்களுக்காக இல்லை. உங்கடை முகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது."

"எனக்கும் அப்பிடித்தான்."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று போய்விட்டான்.

எழுதினேன். முதலில் திணைக்களத்துக்கு. பிறகு குழுவுக்கு: "18ஆம் தேதி நடந்ததற்குக் காரணம் என்னுடைய கவனக்குறைவு. திரு. புவனேந்திரனின் வேலையில் எந்தப் பிழையும் இல்லை. அவரைப் பற்றி எழுதியதற்கு வருந்துகிறேன்." திரு. என்று போடும்போது பல் கூசியது.

மே 25, ஞாயிறு

குழுவில் ஒரே ஆலோசனை மழை. வயது போனால் ஓய்வு எடுக்க வேண்டுமாம். கண்ணைச் சோதிக்க வேண்டுமாம். ஒருவர் தன் மாமா கார் ஓட்டி வேலியில் ஏற்றிய கதையை எழுதியிருந்தார். சக்கரம் வைத்த எதிலும் ஏறாதே என்று இன்னொருவர்.

நான் குழுவில் எழுதியதை மலருக்கு அவளுடைய சிநேகிதி ஒருத்தி எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

"பிழை உங்களிலையோ? பிறகேன் அந்தப் பெடியனை அப்பிடித் திட்டினீங்கள்? அவன்ரை மனுசியின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

"முழிக்காதையும்."

"வெக்கமில்லையோ உங்களுக்கு? பிளேன் ஓடத் தெரியாட்டி ஓடாமல் இருக்கோணும். என்ரை பொட்டு இல்லாட்டி இண்டைக்கு உங்கடை செத்தவீட்டு எட்டுச் சிலவும் முடிஞ்சிருக்கும்."

"ஓம்."

"என்ன ஓம்?"

"ஓம் எண்டால் ஓம்தான். தேத்தண்ணி போடும்."

ஒரு சட்டி நிறைய வடை சுட்டுப் புவனேந்திரன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். எனக்கு உடைந்த இரண்டை வைத்துவிட்டுப் போனாள்.

மே 27, செவ்வாய்

நேற்று வந்த பரிசோதகர் என் கடிதத்தை வைத்து எனக்கு ஓர் எச்சரிக்கை எழுதித் தந்துவிட்டு, விமானத்தை விடுவித்தார்.

ஹரோல்ட் அழைத்தார். துளையைப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன், நடந்ததையும் சொன்னேன். முதல் தடவையாக அவர் புத்தி சொல்லவில்லை. பழைய சக்கர மூடி ஒன்று என்னிடம் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

கோயிலில் எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பொட்டாலே பிழைத்தவர். பெண்கள் மலரைச் சுற்றி நின்று கேட்கிறார்கள். அவள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள். இன்று கேட்டபோது விமானம் மரத்தில் மோதப் போய்த் தானாகவே விலகியதாம். நான் செருப்பு வைக்கும் பக்கம் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் தம்பியின் பெயரை அவள் வெளியாட்களுக்கு முன் சொல்லி நான் கேட்டதில்லை. இன்று சொன்னாள், அழாமல்.

ஜூன் 14, சனி

மூடி போட்டாயிற்று, துளையும் சுத்தமாயிற்று. புவனேந்திரன் பார்த்துக் கையெழுத்து வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் இன்று பறக்கப் போவது தெரிந்து மலர் காரில் ஏறிக்கொண்டாள். இந்த முறை ஒளிவுமறைவில்லை. தட்டம், தேங்காய், சந்தனக் கும்பா, குங்குமச் சிமிழ், எலுமிச்சம்பழம் எல்லாம் மடியில். "இண்டைக்கு நீங்கள் ஒரு கதையும் கதைக்கக் கூடாது" என்றாள். நான் கதைக்கவில்லை. மூக்கு விசிறிக்கு வைத்தாள். சக்கரங்களுக்கு வைத்தாள். பக்கத்துக் கொட்டகை வெள்ளைக்காரர் இரண்டு பேர் வந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு கும்பாவோடு இடப்பக்கம் வந்தாள். நான் அவளுக்கு முன்னால் போய், அந்த வட்டத்தின்மேல் உள்ளங்கையைப் பதித்துச் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"கையை எடுங்கோ."

"எனக்குக் கால் உளையுது. பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"அங்காலை பிடியுங்கோவன். போன முறையும் இதிலைதான் வைச்சனான். இதுதான் ராசியான இடம்."

"எடுக்க ஏலாது."

"ஏன் ஏலாது?"

"ஏலாது எண்டால் ஏலாதுதான்."

வாசலில் புவனேந்திரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை, அருகே வரவும் இல்லை. மலர் என்னை முறைத்தாள். பிறந்த நாளிலிருந்து பிடிவாதம், செத்தாலும் போகாது என்றாள். ஆசைக்கு ஒரு பொட்டு வைக்கவும் விடாத மனுசன் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் கை அசையவில்லை.

கடைசியில் விரல் நிறையச் சந்தனத்தை அள்ளி, என் புறங்கையிலேயே அப்பி, அதன் நடுவில் குங்குமத்தையும் அழுத்தி வைத்துவிட்டு, காருக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.